கண்டோர் கூற்று: செஞ்சிக் குன்றுகளில் ஒரு நாள்



பத்தாண்டு நிறைவு விழாவில் நெய்தல் இலக்கியம் குறித்து உரையாற்றுமாறு பணித்திருந்தீர்கள். மரக்காணத்தில் நின்று நெய்தலைப் பேசுவது, உப்பளத்தில் நின்று உப்பு விற்பதைப் போன்றது. ஆகவே இன்று சற்றுத் தொலைவிலிருக்கும் குன்றுகளைப் பற்றிப் பேச உங்கள் இசைவை வேண்டுகின்றேன். பேச்சின் முடிவில் நம் உப்பிற்கே திரும்பி வந்துவிடுவேன். இடையில், என் ஆய்வில் நான் செய்த பிழை ஒன்றையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

முனைவர் பட்டத்திற்கென நான் எடுத்துக்கொண்ட பொருள், சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு. தலைவி தலைவனோடு பாலைவழி செல்கின்றாள். செவிலி அவளைத் தேடிப் பின்செல்கின்றாள். இடைவழியில் கண்டோர் சிலர் அவர்களோடு பேசுகின்றனர். பொழுது சாய்ந்தது, வழியும் அச்சம் தருவது, எங்கள் ஊரில் தங்கிச் செல்லுங்கள் என்பர். ஊர் அண்மையில்தான் உள்ளது என்று தேற்றுவர். இக்கண்டோர் மொழியைத் தொல்காப்பியர் அகத்திணையியலில் வகைப்படுத்திக் கூறியிருக்கின்றார்.

இக்கண்டோரை நான் என் ஆய்வேட்டில் எவ்வாறு மதிப்பிட்டேன் தெரியுமா? ‘இவர்கள் உயிருள்ள மாந்தர் அல்லர், கதையை நகர்த்தப் புலவர் கையாண்ட உத்தி, வெறும் இலக்கிய மரபு’ என்று எழுதினேன். பாலையின் கொடுமையைப் பத்துப் பக்கம் சொன்ன புலவர் பதினோராம் பக்கத்தில் பரிவுள்ள மனிதரை அங்கே நிறுத்துவது முரண் என்றும் வாதிட்டேன். பட்டம் கிடைத்தது. பின்னர் வகுப்பறையிலும் அதனையே சொன்னேன். மாற்றி எழுதிய மாணவியரின் விடைத்தாள்களில் மதிப்பெண் குறைத்தும் இருக்கின்றேன்.

பாலையைப் பற்றி இவ்வளவு எழுதியவள் ஒருநாளும் வெயிலில் மலைவழி நடந்ததில்லை. தொல்காப்பியர் பாலைக்கு வகுத்த பொழுது வேனிலும் நண்பகலும். அந்தப் பொழுதில் நான் எப்போதும் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன். இந்த உறுத்தல்தான் சென்ற வைகாசியில் ஒருநாள் என்னைச் செஞ்சிக்கு அனுப்பியது.

செஞ்சி நமக்கு அயலூர் அன்று. திண்டிவனம் வழியே மேற்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிருட்டிணகிரி, இராசகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதில் முக்கோணமாக வளைத்துக் கட்டுகின்றது. ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள மதில் அது. 1677-இல் சிவாஜி கைக்கொண்ட கோட்டை. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்த கோட்டை. 1714-இல் களத்தில் மாண்ட தேசிங்கு ராசனை இன்றும் கதைப்பாட்டில் வாழ வைத்திருக்கும் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனை யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிற்குரியது இஃது ஒன்றே.

மூன்று குன்றுகளையும் ஒரே பகலில், துணையின்றி, ஏறி இறங்கி இணைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். வீட்டில் எதிர்ப்பு இருந்தது. ‘தனியாகவா?’ என்ற கேள்வியை அன்று எத்தனை பேர் கேட்டனர் என்று எண்ணவில்லை. சங்கப் பாடல்களில் பாலையில் தனித்துச் செல்லும் பெண் யார் என்று பேருந்தில் எண்ணிப்பார்த்தேன். தலைவிக்குத் தலைவன் துணையிருக்கின்றான். தனியே செல்பவள் செவிலிதான். கலித்தொகையில் முக்கோற் பகவரை வழிமறித்து மகளைப் பற்றிக் கேட்பவள் அவள். வெள்ளிவீதியார் பாட்டில் கால் ஓய்ந்து, கண்ணொளி மங்கி நிற்பவள் அவள். எனக்கும் தலைவியின் வயது கடந்து செவிலியின் வயது வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன்.

நுழைவுச் சீட்டு தரும் நேரத்திற்குச் சென்று, முதலில் கிருட்டிணகிரி ஏறினேன். படிகள் செங்குத்தானவை; ஆயினும் காலை வெயில் பொறுக்கக்கூடியதாக இருந்தது. மேலிருக்கும் மண்டபத்தில் காற்று வீசியது. இவ்வளவுதானா பாலை என்ற செருக்கும் வந்தது.

கீழிறங்கிச் சாலையைக் கடந்து இராசகிரி அடிவாரம் சேர்ந்தபோது பொழுது உச்சியை நெருங்கிவிட்டது. அந்தக் குன்று ஏறத்தாழ எண்ணூறு அடி உயரம். ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு நிற்கும் பெரும்பாறைகள்; அவை காலையிலிருந்து வாங்கிய வெயிலை நண்பகலில் திருப்பித் தந்தன. தலைக்கு மேலே ஒரு வெயில், காலுக்குக் கீழே ஒரு வெயில். கைப்பிடிச் சுவரைத் தொட முடியவில்லை. உச்சிக்குச் சற்று முன்னர் மலை பிளந்து நிற்கின்றது; பாலத்தின் வழியேதான் கடக்க வேண்டும். அதன்மேல் நின்று கீழே பார்த்தேன். மரங்கள் இலையுதிர்ந்து, புதர்கள் கருகி, குறிஞ்சி நிலம் தன் இயல்பு திரிந்து கிடந்தது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதை இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கின்றேன். அது கண்ணுக்குத் தெரிந்தது அன்றுதான்.

இராசகிரியை விட்டு இறங்கிச் சந்திரகிரி நோக்கி நடந்தேன். அங்கே செல்வோர் குறைவு. முள்ளும் கல்லுமாக வழி தேய்ந்திருந்தது. கொண்டுசென்ற நீரை மலைமேலேயே குடித்துத் தீர்த்திருந்தேன். அடிவாரத்தில் இரண்டு கெண்டைக்கால்களும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. ஒரு பாறை நிழலில் விழுந்தேன் என்றே சொல்ல வேண்டும். கண் இருண்டது. குரல் கொடுத்தால் கேட்கும் தொலைவில் எவரும் இல்லை என்று நினைத்தேன். அஞ்சினேன். அந்த அச்சத்தை இங்கே அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை.

ஆட்டுக்குட்டியின் குரல் முதலில் கேட்டது. பின்னர் ஒரு மூதாட்டி வந்தார்.

“யாரும்மா நீ? ஒண்டியாவா வந்த?”

“ஆமாம் ஆயா.”

“நல்லா வந்த போ, இந்த வெயில்ல. அப்படியே சாஞ்சி உக்காரு. காலை நீட்டு.”

தூக்குச் சட்டியைத் திறந்தார். கேழ்வரகுக் கூழ். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு கல் உப்பெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இத நாக்குல வெச்சிக்க. வேத்து வேத்து உப்பெல்லாம் போயிருக்கும். வெறுந் தண்ணி குடிச்சா காலு இழுக்கத்தான் செய்யும்” என்றார். கூழை ஊற்றித் தந்தார். என் காலை அவரே நீவிவிட்டார். அரை மணி நேரம் கழித்து, “இதோ, ஊரு கிட்டத்துலதான். ஆட்ட ஓட்டிக்கினு நானும் வரேன், மெதுவா நட” என்றார்.

ஊர் கிட்டத்தில் இல்லை. அவருடைய ஆடுகளோடு நெடுநேரம் நடந்தோம். என்னைத் தேற்றவே அவர் அப்படிச் சொன்னார். கண்டோர் கூற்றில் ஊர் எப்போதும் அண்மையில் இருப்பதன் பொருள் எனக்கு அப்போது விளங்கியது.

பெருமக்களே, உத்தி என்று நான் ஒதுக்கிய அந்த வழிப்போக்கர்கள் பாலைக்கு முரணானவர்கள் அல்லர். நிலம் அவ்வளவு கொடியதாக இருப்பதனாலேதான் அங்கே எதிர்ப்படும் மனிதர் வாளா கடந்து போவதில்லை. நிழலில் அமர்ந்து படித்தவளுக்கு முரணாகத் தோன்றியது, வெயிலில் நடந்த புலவருக்கு நாள்தோறும் கண்ட நடப்பாக இருந்திருக்கும். இதனை மெய்ப்பிக்கக் கல்வெட்டு ஏதும் என்னிடம் இல்லை. ஆயினும் என் ஆய்வேட்டின் அந்தப் பகுதியை இன்று நான் திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன். மதிப்பெண் இழந்த மாணவியர் யாரேனும் இந்த மலரைப் படிக்க நேர்ந்தால் என்னைப் பொறுத்தருள்க.

இனி உப்பிற்கு வருகின்றேன். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்பர் அறிஞர். நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் பலபடப் பேசுகின்றன. மேற்கே குன்றுகள் நோக்கிச் சென்ற நம் உப்பும் ஏதோ ஒரு முந்தானையில் முடியப்பட்டிருக்கும். அந்த மூதாட்டியின் உப்பு எந்த அளத்து உப்பென்று நான் கேட்கவில்லை. ஆனால் அதே வைகாசி வெயிலில் இங்கே பலகை பிடித்து உப்பு வாரும் என் உறவுகளை நினைத்தேன். எனக்கு ஒருநாள் பாலை. அவர்களுக்குக் கோடை முழுதும் பாலை. எந்த மலைக்கும் போகாமலே அவர்கள் அறிந்திருப்பதை நான் மலையேறி அறிய வேண்டியிருந்தது.

இவ்வட்டத்துக் கவிஞர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை; வேண்டுகோள் ஒன்றே உண்டு. பாலையைப் பாடும்போது அதில் எதிர்ப்படும் ஒருவரையும் பாடுங்கள். அவரை உவமையாக்கிவிடாதீர்கள். அவர் கையில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள்.

மூன்றாம் குன்று இன்னும் ஏறப்படாமல் இருக்கின்றது. வரும் வேனிலில் மீண்டும் செல்வேன். இம்முறை முந்தானையில் இரண்டு கல் மரக்காணத்து உப்பு முடிந்துகொண்டு செல்வேன். எனக்காக மட்டும் அன்று, வழியில் எதிர்ப்படுவோர்க்காகவும்.

வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் காண வாழ்த்தி அமைகின்றேன்.