மருந்துக்கு அடங்காத மலேரியா: ஆய்வுக்கூடத்தின் பணி

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரம், 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், தென் அந்தமானின் கரையோரத்தில் அமைந்துள்ள சிற்றூர் வண்டூர். 1983-இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இதுவே வாயில். கடல் நீர் ஏறி இறங்கும் கழிகளும் அலையாத்திக் காடுகளும் இப்பகுதிக்கு எழில் சேர்க்கின்றன. ஆனால் இத்தகைய உவர் நீரில்தான் அனாபிலஸ் சுண்டைக்கஸ் என்னும் கொசு முட்டையிடுகிறது. இத்தீவுகளில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான கொசு இதுவேயாகும். 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் தென் அந்தமானின் நெல்வயல்கள் பல கடல் நீரில் மூழ்கின. அந்த வயல்களில் இக்கொசு பெருகுவதைக் கண்ட ஆய்வாளர்கள், மலேரியா பரவக்கூடும் என்று 2005-இலேயே எச்சரித்தனர்.

கொசுவை ஒழிப்பது ஒரு பணி. எனினும், கிருமி குருதியில் புகுந்துவிட்ட பின் நோயாளியைக் காப்பது மருந்து ஒன்றே. அம்மருந்து கிருமியை இன்னும் கொல்கிறதா என்பதை அறிவதே ஆய்வுக்கூடத்தின் பணியாகும்.

இக்கேள்வி கற்பனையன்று. பல்லாண்டுகள் மலிவான, நம்பகமான மருந்தாக விளங்கிய குளோரோகுவினுக்கு, உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகைக் கிருமி அடங்க மறுத்தது. தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது தெரிய வந்தது. இந்தியாவில் 1973-இல் அசாமில், இன்றைய கார்பி ஆங்லாங் மாவட்டத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நிக்கோபாரின் தென்கோடியிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

மருந்தெதிர்ப்பை அறிய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, மருந்து உட்கொண்ட நோயாளியை 28 நாட்கள் தொடர்ந்து கவனித்து, குருதியில் கிருமி மீண்டும் தோன்றுகிறதா என்று பார்ப்பது. இதுவே இறுதியான சான்று. ஆனால், நோயாளியின் உடலில் ஏற்கெனவே உள்ள எதிர்ப்பாற்றல், மருந்தின் தளர்ச்சியை மறைத்துவிடவும் கூடும்.

இரண்டாவது, கிருமியை உடலுக்கு வெளியே வளர்த்துச் சோதிப்பது. 1976-இல் டிரேகர், ஜென்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபால்சிபாரம் கிருமியை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்க வழி கண்டனர். அதன் பயனாக 1978-இல் எளிய நுண்சோதனை முறை உருவாயிற்று. விரல் நுனியிலிருந்து எடுத்த சிறிது குருதி, ஊட்டக் கரைசலுடன் கலக்கப்படுகிறது. அக்கலவை சிறு குழிகள் கொண்ட தட்டில் இடப்படுகிறது. ஒவ்வொரு குழியிலும் மருந்தின் அளவு படிப்படியாகக் கூடும். ஒரு குழியில் மட்டும் மருந்தே இராது. தட்டை ஒரு கண்ணாடிக் கலத்தில் வைத்து, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி மூடுவர். சுடர் அணையும்போது ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடுகிறது. கிருமி வளர அதுவே ஏற்ற சூழல். உடல் வெப்பநிலையில் 24 முதல் 30 மணி நேரம் வைத்தபின் நுண்ணோக்கியில் எண்ணுவர். மருந்து இல்லாத குழியில் கிருமி வளர்ந்திருந்தால்தான் சோதனை செல்லும். மருந்து மிகுந்த குழிகளிலும் கிருமி வளர்ந்து முதிர்ந்திருந்தால் அது மருந்தெதிர்ப்புக்கு அறிகுறியாகும். குருதி எடுக்கும் முன் நோயாளி மாத்திரை விழுங்கியிருந்தால் முடிவு பிழைபடும்.

மூன்றாவது, கிருமியின் மரபணுவை ஆராய்வது. வடிதாளில் உலர வைத்த ஒரு சொட்டுக் குருதியே இதற்குப் போதும். கப்பலில் நாட்கணக்கில் பயணம் செய்தாலும் அது பெரிதும் கெடுவதில்லை. ஆகவே தீவுகளுக்கு இது மிகவும் ஏற்ற முறையாகும்.

இம்முறையின் பயனைக் கார் நிக்கோபார் காட்டியது. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் கூட்டு மருந்தில் பைரிமெத்தமின் தாக்கும் நொதியின் மரபணுவில், அத்தீவின் ஃபால்சிபாரம் கிருமிகள் நான்கு மாற்றங்களை ஒருங்கே பெற்றிருந்ததை 2006-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இதன் பொருள் பெரிது. 2010-இல் நாடு முழுவதும் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு ஆர்டிசுனேட்டுடன் சேர்த்து வழங்கப்பட்டது இதே கூட்டு மருந்துதான். ஆர்டிசுனேட் விரைந்து செயற்பட்டு, சில மணி நேரத்தில் குருதியை விட்டு நீங்கிவிடும். எஞ்சிய கிருமிகளை அழிக்க வேண்டியது துணை மருந்தே. துணை தளர்ந்தால் முதன்மை மருந்து தனித்துப் போராட நேரிடும். காலப்போக்கில் அதற்கும் எதிர்ப்பு தோன்ற இடமுண்டு. வடகிழக்கு மாநிலங்களில் இத்துணை மருந்து தோல்வியுறுவது தெரிந்ததும், 2013-இல் அங்கு ஆர்டிமெதர்-லுமெஃபான்ட்ரின் கூட்டு மருந்துக்கு மாற்றப்பட்டது. சோதனையே கொள்கையை மாற்றியது.

2030-க்குள் மலேரியாவை அகற்றுவது நாட்டின் இலக்காகும். நோயாளிகள் குறையக் குறைய, சோதனைக்குக் கிடைக்கும் குருதி மாதிரிகளும் குறையும். அப்போது ஒவ்வொரு மாதிரியும் விலைமதிப்பற்றதாகிறது. ஆகவே காய்ச்சல் கண்டவருக்கு மாத்திரை கொடுக்கும் முன் குருதி எடுத்தல், முழு அளவு மருந்தையும் உட்கொள்ளச் செய்தல், தீவு விட்டுத் தீவு சென்று திரும்புவோரைக் கண்காணித்தல் ஆகியவை இன்றியமையாத கடமைகளாகும். கழியோரச் சிற்றூரில் சுகாதாரப் பணியாளர் எடுக்கும் ஒரு சொட்டுக் குருதியிலிருந்துதான் ஆய்வுக்கூடத்தின் பணி தொடங்குகிறது. அது தவறினால், மருந்து தோற்றுவிட்ட செய்தியை நோயாளியின் மரணமே அறிவிக்க நேரிடும்.