வீட்டின் நண்பகல்

கோடை விடுமுறை நெருங்கும் காலத்தில் அறிமுகமான இருவர் தெருவில் சந்தித்தால், வெயிலின் கடுமையையும் மாம்பழத்தின் விலையையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, "இந்த வருஷம் எங்கே?" என்ற கேள்வி தவறாமல் வந்து சேருகிறது. கொடைக்கானல் என்றோ காசி என்றோ ஏதேனும் ஓர் ஊரின் பெயரைச் சொல்ல முடிந்தவர் நிமிர்ந்து நின்று சொல்லுகிறார். அப்படிச் சொல்ல ஊர் இல்லாதவரோ, "எங்கும் இல்லை, வீட்டோடுதான்" என்று, பரீட்சையில் தவறிய பிள்ளையின் தகப்பனாரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்ளுகிறார். பிரயாணத்தின் பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயினும் மலைக்குப் போகிறவர்கள்கூட நாலைந்து நாளில் திரும்பிவிடுகிறார்கள். மிகுதி நாட்களை அவர்களும் வீட்டிலேதான் கழிக்கிறார்கள். ஆகவே வீட்டில் இருக்கும் விடுமுறையைப் பற்றிச் சிறிது சிந்திப்பது யாருக்கும் வீண்போகாது.

வீட்டு விடுமுறை பெரும்பாலும் கைநழுவிப் போவதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில் பிரயாணம் செய்கிறவனுக்கு வண்டி புறப்படும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. அவன் எவ்வளவு பெரிய சோம்பேறியானாலும் அந்த நேரம் அவனை எழுப்பி, குளிக்க வைத்து, மூட்டை கட்ட வைத்து, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. வீட்டில் இருப்பவனுக்கோ எதுவும் புறப்படுவதில்லை. காலை பத்திரிகை பகல் வரை நீள்கிறது; பகல் உறக்கம் மாலை வரை நீள்கிறது; மிகுந்ததைக் கைப்பேசி எடுத்துக்கொள்ளுகிறது. சிலர் இதற்கு அஞ்சி, விடுமுறை தொடங்கும் முன்பே ஒரு நீண்ட ஜாபிதா எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள்: யோகாசனம், ஹிந்தி, தோட்டம், பரணைச் சுத்தம் செய்தல், வீட்டுக்கு வெள்ளையடித்தல். காரியாலயத்தின் கெடுபிடியை வீட்டுக்கே அழைத்துவரும் இந்த ஜாபிதா மூன்றாம் நாளில் மறக்கப்படுவது இயல்பே; அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

ஒரு பழைய விசித்திரத்தைச் சொல்லுகிறேன். 1790-இல் இத்தாலியிலுள்ள தூரின் நகரத்தில் ஸேவியர் த மேஸ்த்ர் என்ற இளம் ராணுவ அதிகாரி, துவந்த யுத்தம் செய்த குற்றத்துக்காக 42 நாள் தம் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்று தண்டிக்கப்பட்டார். அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் அறையைச் சுற்றி ஒரு யாத்திரை போனார். கட்டிலிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து சுவரில் தொங்கும் படங்களுக்கும், ஒரு தேசாந்தரி ஊர் ஊராகப் போகும் பாவனையில் சென்று, கண்டவற்றையும் கருதியவற்றையும் எழுதினார். 1794-இல் அது புத்தகமாக வெளிவந்து, இன்றளவும் படிக்கப்படுகிறது. பரிகாசமாக எழுதிய புத்தகந்தான். ஆனாலும் தினந்தோறும் நாம் புழங்கும் இடத்தை நாம் பார்த்ததே இல்லை என்ற உண்மை அந்தப் பரிகாசத்துக்குள் இருக்கிறது.

உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். காலை ஒன்பது மணிக்கு வெளியேறி, மாலை ஆறு மணிக்கு மேல் திரும்பும் ஒருவர், தம் வீட்டை விளக்கு வெளிச்சத்திலும், அவசரமான காலை வெளிச்சத்திலும் மட்டுமே அறிவார். பத்து மணிக்கு எந்த ஜன்னல் வழியே வெயில் உள்ளே இறங்குகிறது, பதினொரு மணிக்குத் தெருவில் யார் என்ன கூவிக்கொண்டு போகிறார்கள், இரண்டு மணிக்குத் திண்ணையில் எந்தப் பூனை வந்து படுக்கிறது என்பதெல்லாம் வாடகையோ வரியோ செலுத்துகிற அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளையோ கடைத்தெருவும் கல்யாணங்களும் கொண்டுபோய்விடுகின்றன. அந்த நண்பகலைத் தெரிந்துகொள்ளுவதற்கு வாய்த்த சந்தர்ப்பமே வீட்டு விடுமுறை என்பது என் அபிப்பிராயம்.

நண்பகலில் வீட்டில் நடப்பது என்ன? முதலில் நடப்பது வேலை. மற்ற எல்லோருக்கும் விடுமுறை விட்ட அன்று அடுக்களைக்கு வேலை இரட்டிக்கிறது. பள்ளிக்கூடம் இருந்தால் ஒரு டப்பாவில் அடைத்து அனுப்பிவிடும் மத்தியான உணவு, இப்போது இலை போட்டுப் பரிமாறும் சாப்பாடாகிறது. பதினொரு மணிக்கு ஒரு காபி, நான்கு மணிக்கு ஒரு பலகாரம், இடையில் உறவினர் வருகை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு நாடெங்கும் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 100-க்கு 81 பேர், ஆண்களில் 100-க்கு 26 பேர் என்று கண்டார்கள். ஈடுபட்டவர்களுக்குள்ளும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டார்களாம். நாள்தோறும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இதற்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. ஆதலால் விடுமுறையை நல்ல வழியில் செலவழிக்க விரும்பும் ஓர் ஆண்மகன் முதலில் செய்யத்தக்கது, ஒரு வேளைச் சமையலைத் தம் பொறுப்பில் வாங்கிக்கொள்ளுவது. வாங்கிக்கொள்ளுவது என்றால் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பதன்று. இன்றைக்கு என்ன சமைப்பது என்று யோசிப்பது முதல், புளி இருக்கிறதா என்று பார்ப்பது வரை, பிறகு கடைசிப் பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்ப்பது வரை எல்லாம் சேர்ந்ததுதான் சமையல். அந்த முதல் யோசனைதான் கைவேலையைவிடக் களைப்புத் தருவது என்பதை இரண்டே நாளில் அவர் கண்டுகொள்ளுவார்.

கோடையில் இன்னொரு வேலையும் உண்டு. ஊறவைத்து அரைத்த அரிசி மாவை விடியுமுன் கூழாகக் கிளறி, உப்பும் பச்சைமிளகாய் விழுதும் பெருங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, மொட்டை மாடியில் ஈர வேட்டியை விரித்து, வெயில் ஏறித் தரை சுடுவதற்குள் வடாம் இட்டு முடிக்க வேண்டும். பிறகு துணியைத் திருப்பிப் பின்புறத்தில் நீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்து எடுத்து, கலகலவென்று சப்தம் கேட்கும்வரை மறுபடியும் காயவைக்க வேண்டும். உள்ளே சிறிது ஈரம் தங்கினாலும் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும். மோர் மிளகாய்க்கோ பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் மோர். பாத்திரத்து மோர் வற்றித் தீரும்வரை இந்த வாசம் மாறி மாறி நடக்கிறது. இவற்றையெல்லாம் கடையில் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு காக்கை ஓட்டும் உத்தியோகம் கடையில் கிடைப்பதில்லை. பிள்ளைகளுக்கு அதைப்போல உகந்த வேலை வேறில்லை. காய்ந்தும் காயாமலும் இருக்கும் பதத்தில் வடாத்தைத் தின்பது அந்த உத்தியோகத்தின் சம்பளம்.

சாப்பாடு ஆனபின் வரும் அந்த இரண்டு மணி நேரத்தை உறக்கத்துக்கு விட்டுவிடுவது பாவமன்று. எனினும் வீட்டில் வயது முதிர்ந்தவர்கள் இருந்தால், சில மத்தியானங்களை அவர்களுக்கென்று எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அலமாரியின் அடித்தட்டில் பழைய புகைப்படங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். கல்யாணக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் அந்த இளைஞர் யார் என்று பாட்டிக்குத் தெரியும். பாட்டிக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. படத்தின் பின்புறத்து ஓரத்தில், மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயரும் உறவும் ஊரும் வருஷமும் குறித்து வையுங்கள். பேனாவின் கூர்மை முன்புறம் வரை தழும்பு உண்டாக்கும். கிழிந்த படத்தைப் பசை நாடாவால் ஒட்டுவதும் வேண்டாம்; சில வருஷங்களில் அந்தப் பசை பழுப்பேறி, கிழிசலைவிடப் பெரிய கேட்டைச் செய்துவிடும்.

இந்தப் பழைய காகிதங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் தமிழ்ப் புத்தகங்களோடு நில்லாமல், மற்றவர்கள் குப்பையென்று எறியும் நாடக நோட்டீஸ்களையும் கல்யாண அழைப்பிதழ்களையும்கூடத் தம் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானார். 1994-இல் அந்தச் சேகரத்தைக் கொண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் சரித்திரத்தை எழுத வருகிற பண்டிதர்கள் இன்று அந்த நோட்டீஸ்களைத் தேடிப்போய்ப் படிக்கிறார்கள். உங்கள் பிஸ்கட் டப்பா அவ்வளவு கீர்த்தி பெறாமல் போகலாம். பேரக்குழந்தைகளுக்கு அது போதும்.

வீட்டுக்கு வெளியேயும் நண்பகல் உண்டு. சித்திரை வைகாசியில் குயில் கூவுவதைக் கேட்காத காது இராது. ஆனால் கூவுகிற கறுப்புக் குயிலையும், உடலெங்கும் புள்ளியிட்ட பழுப்பு நிறப் பேடையையும் ஒரே ஜாதி என்று பார்த்து அறிந்தவர்கள் சிலரே. காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடும் நாடகம் நடப்பதும் இந்த மாதங்களிலேதான். பின்னால் குஞ்சு வளர்ந்ததும், தன்னினம் அல்லாத அதற்குக் காக்கை மும்முரமாக இரை ஊட்டுவதை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே காணலாம். கானகங்களை எல்லாம் சுற்றித் திரிந்து எழுதிய மா. கிருஷ்ணன், காக்கையையும் அணிலையும்பற்றி எழுதுவதை ஒருநாளும் குறைவாகக் கருதவில்லை. 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அவர் எழுதிவந்த கட்டுரைகளில் வீட்டுத் தோட்டத்துப் பிராணிகளுக்குக் கௌரவமான இடம் உண்டு.

குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை சொல்லுகிறேன். நாம் கடக ரேகைக்குத் தெற்கே வாழ்பவர்கள் ஆகையால், வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறான். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், மதுரையில் 16-ஐ ஒட்டியும், சென்னையில் 24-ஐ ஒட்டியும் இது நிகழ்கிறது. ஆகஸ்டு மாதத்தில் அவன் தெற்கே திரும்பும்போது சென்னைக்கு 18-ஆம் தேதியளவில் மறுபடியும் கிடைக்கும். கிரகண நாளில் தாம்பாளத்தில் உலக்கையை நிமிர்த்தி வைக்கும் வீடுகளில் அதே உலக்கை இதற்கும் உதவும். முற்றத்தில் நேராக நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், நிழல் குறுகிக் குறுகி, அடியிலேயே ஒடுங்கி மறைந்துவிடும். கடிகாரத்தில் 12 அடிக்கும்போது இது நடக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. நம் கடிகாரங்கள் கிழக்கே 82½ பாகை ரேகையின் கணக்கில் ஓடுகின்றன; சென்னை அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால், அங்கே ஏப்ரலில் உச்சிப்பொழுது 12 மணி கழிந்து சுமார் 7 நிமிஷம் ஆகும். பூகோள புஸ்தகத்தின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஏழு நிமிஷத்தில் அடங்கியிருக்கிறது. பையன் உலக்கையை விட்டு ஓடிப்போய் விளையாடினாலும் விட்டுவிடுங்கள்; கோடைக்கால வகுப்புகளில் அடைபட்ட குழந்தைகளைப் பார்க்கையில், ஒன்றும் செய்யாமல் சிறிது சலித்துக்கொள்ளவும் அவர்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புஸ்தகத்தைப்பற்றி ஒரு வார்த்தை. நீண்ட நாவல்களுக்கென்றே அமைந்தவை நம் கோடைப் பகல்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தபோது பல வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்டார்கள். அந்த வழக்கத்தை மீண்டும் தொடங்குவதற்குப் பணச்செலவு ஒன்றும் இல்லை. இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று சட்டம் இயற்றிய முதல் மாகாணம் சென்னை, வருஷம் 1948. அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலகத் தீர்வையும் நாம் செலுத்திவருகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள், ஒரு வரியில் அச்சிட்டிருக்கும். ஆக, புத்தகங்களுக்குரிய விலையின் ஒரு பங்கை முன்னமே கொடுத்துவிட்டோம். போய் எடுத்து வருவதுதான் பாக்கி. கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நடந்துபோய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.