கட்டுபடியாகுமா அக்கா?

என்னை இங்கிலீஷ் வார்த்தையைப் பத்திப் பேசச் சொன்னது யாருன்னு தெரியலை. நான் பத்தாவதுதான். ஆனா நாலு இங்கிலீஷ் வார்த்தைக்கு நான் 15,000 ரூபாய் கட்டியிருக்கேன். அதனால பேச உரிமை இருக்குன்னு நினைச்சு வந்துட்டேன்.

எங்க குழுவுல மூணு பேர் சேர்ந்து கற்பூர மெஷின் வாங்குனோம். விலை 45,000. குழுச் சேமிப்புல உள்கடன் எடுத்தோம். விக்க வந்தவர் கொடுத்த நோட்டீஸ்ல பெரிய எழுத்துல இருந்தது இவ்வளவுதான்: ஹைலி ப்ராஃபிட்டபிள். லூக்ரேட்டிவ் பிசினஸ். அஷ்யூர்டு இன்கம். 100 சதவீதம் பை-பேக். கீழே பொடி எழுத்துல, தமிழ்ல, "நிபந்தனைக்கு உட்பட்டது". பெருசா இருந்தது எங்களுக்குப் புரியலை, புரிஞ்சது கண்ணுக்குத் தெரியலை. ரெண்டு மாசம் கற்பூரத்தை வாங்கிக்கிட்டாங்க. மூணாவது மாசம் தரம் இல்லைன்னாங்க. அப்புறம் போனே எடுக்கலை. வீட்டுல என்ன பேச்சு வாங்கியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். அதை விடுங்க.

கடனைக் கட்டி முடிக்கிற வரைக்கும் அந்த நோட்டீஸை நான் கிழிக்கலை. என் மகளோட டிக்‌ஷனரியை வச்சு ஒவ்வொண்ணா பார்த்தேன். லூக்ரேட்டிவ்னா நல்லா காசு கொழிக்கிறது. அது லத்தீன்ல லாபத்துக்கு இருக்கிற வார்த்தையில இருந்து வந்ததாம். ப்ராஃபிட்டபிள்ங்கிற வார்த்தையிலதான் நான் ஏமாந்தது. அந்தக் கடைசி "ஏபிள்" இருக்கு பாருங்க, அதுக்கு "கூடிய"ன்னு அர்த்தம். லாபம் வரக்கூடியது. வரும்னு அவர் சொல்லவே இல்லை, வரக்கூடும்னுதான் அச்சடிச்சிருக்கார்! அஷ்யூர்டுன்னா உறுதி சொன்னது. சரி, உறுதி சொன்னது யாரு? அவர் பேரும் கையெழுத்தும் எந்தப் பத்திரத்துல இருக்கு? பேங்குல போடுற டெபாசிட்டுக்கே 2020-லிருந்து ஒரு ஆளுக்கு ஒரு பேங்குல 5 லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ். ரோட்டுல வந்தவர் 100 சதவீதம்னா நம்ம கேக்க வேண்டாமா? 2012-ல ஈமு கோழி நம்ம ஜனத்தை என்ன பாடு படுத்துச்சுன்னு தெரிஞ்சிருந்தும் நாங்க கேக்கலை.

அப்புறம் போன வருஷம் மாடு வாங்க லோன் கேட்டுப் பேங்குக்குப் போனேன். அங்க இருந்த மேடம் என் கணக்கைப் பார்த்துட்டு, "ப்ராஃபிட்டபிள்தாம்மா, ஆனா வயபிள் இல்லையே"ன்னாங்க. இதென்னடா அஞ்சாவது வார்த்தைன்னு பயந்துட்டேன். அவங்களே விளக்கமா சொன்னாங்க. பிறந்த குழந்தை தாக்குப்பிடிச்சு உயிர் வாழுமாங்கிறதுக்கு டாக்டருங்க சொல்ற வார்த்தையாம் அது. பிழைக்கக்கூடியது. நம்மளும் தொழிலைப் பிழைப்புன்னுதானே சொல்றோம்!

கணக்கைச் சொல்றேன். கறவை கூடக் குறைய இருந்தாலும் சராசரி 8 லிட்டர், லிட்டர் 35 ரூபாய், நாளைக்கு 280. கறக்கிறது 300 நாள்தான், 84,000. தீவனம் நாளைக்கு 160. மாடு வத்துன நாளுக்கும் அது திங்கும், அதனால 365 நாளைக்கும் போடணும், 58,400. ஊசி மருந்து, இன்சூரன்ஸ் 2,600. மிச்சம் 23,000. லாபம்தான். ஆனா நான் கேட்டது 60,000 லோன், 24 மாசத்துல கட்டுறேன்னு. வருஷத்துக்கு அசலே 30,000. மாடு லாபம் தரும், ஆனா தவணை என்னைத் தின்னுடும். அப்புறம் ரெண்டு ஆட்டை வித்து 20,000 கையில இருந்து போட்டேன். லோன் 40,000, 36 மாசம். இப்ப அசலும் வட்டியும் முதல் வருஷம் சுமார் 17,500. இதுல என் கூலியைச் சேர்க்கலை. விடியக்காலம் 4 மணிக்குச் சாணி அள்ளுறதுக்கு எந்த இங்கிலீஷ்லயும் வார்த்தை கிடையாது போல.

வீட்டுக்கு வந்து மாமியார்கிட்ட வயபிள்னா என்னன்னு விளக்கினேன். அவங்க வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "கட்டுபடியாகுமான்னு கேட்டிருக்கா, அதுக்கு எதுக்கு இத்தனை பேச்சு"ன்னாங்க. காய்கறிச் சந்தையில அரைக்கிலோ கத்தரிக்காய்க்குக்கூட நம்ம வாயில வர்ற வார்த்தை. கையைக் கடிக்கும்னு சொல்லுவோம், முதலுக்கு மோசமில்லைன்னு சொல்லுவோம். 45,000 ரூபாய் மெஷினுக்கு மட்டும் அதுல ஒண்ணும் எங்க மூணு பேர் வாயிலயும் வரலை. நோட்டீஸ் இங்கிலீஷ்ல இருந்ததால கேக்கக் கூச்சம், அதான் உண்மை.

இப்ப எங்க குழுவுல யார் கடன் கேட்டாலும் நோட்டீஸைத் தமிழ்ல எழுதிக்கிட்டு வரச் சொல்றோம். எழுத ஆரம்பிச்சதுமே ரெண்டு பேர் வேண்டாம்னு விட்டுட்டாங்க.

மெஷின் இன்னும் எங்க திண்ணையிலதான் இருக்கு, கோழி அடையுது. பழைய இரும்புக்கு 3,000 கேக்குறாங்க. மாடு சித்திரையில கன்னு போட்டுச்சு, கிடேரி. தீவனக் கணக்கு நோட்டைக் கொண்டு வந்திருக்கேன், மாடு வாங்குற யோசனையில இருக்கிற அக்காமார் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து பாருங்க.