ஒலியைப் பகுத்துத் தொகுத்தல்

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் நேயர் வாத்தியத்தைக் கண்ணாற் காண்பதில்லை. எனினும் ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலிக்கும் வயலினையும் புல்லாங்குழலையும் அவர் ஒரு கணத்திற் பிரித்தறிந்து விடுகிறார். சுருதியும் ஒன்று, உரப்பும் ஒன்று. அவ்வாறாயின் வேற்றுமை எங்கே உள்ளது? மூன்றாவதாகிய ஒலியின் பண்பிலே உள்ளது என்று பௌதிக நூல்கள் கூறும். அப்பண்பு எதனால் ஆயது, அதனைக் கூறு கூறாகப் பிரித்து மீண்டும் கட்ட முடியுமா என்ற வினா நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரின் உள்ளத்தை ஈர்த்து வந்துள்ளது. இந்நாளில் வீட்டுக் கணினியில் இயங்கும் சிந்தசைசர் மென்பொருள்கள் சில அவ்வினாவுக்குத் தத்தம் வழியில் விடை கூறுகின்றன. அவ்விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருத்தலே ஆராயத் தக்கது.

மீண்டும் மீண்டும் நிகழும் அலை எதுவாயினும் அதனை எளிய சைன் அலைகளின் கூட்டாகக் காட்டலாம் என்ற கருத்துக்கு வித்திட்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே ஆவர். 1822 இல் அவர் வெளியிட்ட நூல் வெப்பத்தைப் பற்றியதேயன்றி இசையைப் பற்றியதன்று. இசைக்கு அதனை விரிவாகப் பொருத்திக் காட்டியவர் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவருடைய நூல் 1863 இல் வெளிவந்தது. செக்கனுக்கு 200 முறை அதிரும் அடித்தொனியுடன் 400, 600, 800 என மேற்றொனிகளும் உடன் எழுகின்றன என்றும், அவற்றுள் எவை மிகுந்தும் எவை குறைந்தும் உள்ளன என்பதே பண்பைத் தீர்மானிக்கிறது என்றும் அவர் விளக்கினார். உள்ளே வெற்றிடமுள்ள கோளங்களைக் காதில் வைத்து ஒவ்வொரு மேற்றொனியையும் தனியே கேட்டார். மின்னால் இயங்கும் இசைக்கவைகளை ஒருங்கே ஒலிக்கச் செய்து மனிதக் குரலின் உயிரெழுத்தொலிகளையும் உண்டாக்கினார். பகுத்தலும் தொகுத்தலும் ஒரே மனிதரின் மேசையில் நிகழ்ந்தன.

அக்கொள்கை பின்னர் இயந்திரங்களாயிற்று. அமெரிக்கரான தடேயஸ் காஹில் சுழலும் மின்பிறப்பாக்கிகளால் எளிய தொனிகளை உண்டாக்கி, அவற்றைக் கூட்டி, தொலைபேசிக் கம்பிகள் வழியே இசையை அனுப்பினார். 1906 இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்ட அவருடைய பொறி ஏறத்தாழ 200 தொன் நிறையுடையது. 1935 இல் வந்த ஹமண்ட் ஓர்கன் அதே கொள்கையை ஒரு மேசையளவிற்குள் அடக்கியது. ஒன்பது இழுகோல்களை வேண்டிய அளவு இழுத்து மேற்றொனிகளைக் கலக்கலாம். அதன் ஒலி உலகெங்கும் விரும்பப்பட்டது. ஆனால் வயலினாகவோ எக்காளமாகவோ அதனைக் கருதி ஏமாந்தவர் எவருமிலர். மேற்றொனிகளின் அளவு சரியாக இருந்தும் வாத்தியம் ஏன் உயிர் பெறவில்லை?

இதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஜோன் குளோட் ரிசே என்ற பிரெஞ்சு நாட்டவர். பௌதிகமும் இசையும் ஒருங்கே கற்ற அவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1964 ஆம், 1965 ஆம் ஆண்டுகளில் எக்காள ஒலியை ஆராய்ந்தார். நூல்களிற் கண்ட மேற்றொனி அளவுகளைக் கணினிக்குக் கொடுத்தபோது வெளிவந்தது எக்காளமன்று. உயிரற்ற ஏதோ ஒரு மின்னொலி. உண்மையான எக்காளத்தைப் பதிவு செய்து ஒவ்வொரு மேற்றொனியும் நேரத்தோடு எவ்வாறு எழுந்து அடங்குகிறது என்று அவர் அளந்தார். அப்போது தாழ்ந்த தொனிகள் முந்தியும் உயர்ந்தவை சற்றுப் பிந்தியும் எழுவதும், ஊதும் வலிமை ஏற ஏற உயர்ந்த தொனிகளின் பங்கு மிகுவதும், சுருதி தானும் நுண்ணிய அளவில் ஓயாது அசைவதும் புலப்பட்டன. இவற்றைச் சேர்த்ததும் கணினி எக்காளம் ஊதியது. ஆகவே ஒலியின் பண்பு என்பது அசையாத அளவுகளின் பட்டியலன்று. காலத்தில் நடக்கும் நடை என்று கொள்வதே பொருந்தும்.

இதன் விளைவு பெரிது. ஓர் ஒலியைத் தொகுக்க வேண்டுமாயின் ஒவ்வொரு தொனிக்கும் இரண்டு வளைகோடுகள் வேண்டும்: வலிமை எவ்வாறு மாறுகிறது என்பது ஒன்று, மீடிறன் எவ்வாறு மாறுகிறது என்பது மற்றொன்று. 300 தொனிகள், செக்கனுக்கு 100 புள்ளிகள் என்று கொண்டால் ஒரு செக்கனுக்கு 60,000 எண்கள் தேவை. இசைத்தட்டிற் பதியப்படும் சாதாரண எண்முறைப் பதிவுக்கோ, ஒரு வழிக்குச் செக்கனுக்கு 44,100 எண்களே போதும். எனவே நகலெடுப்பதுதான் நோக்கமாயின் இத்தனை பாடும் வீண்; ஒலிப்பதிவே மலிவானது, துல்லியமானது. பகுத்துத் தொகுப்பதன் பயன் மாற்றுவதில் உள்ளது. சுருதியை மாற்றாது ஒலியை நீட்டலாம். நீளத்தை மாற்றாது சுருதியை உயர்த்தலாம். ஒரு குரலை மெல்ல மெல்ல ஒரு குழலாக்கலாம். மென்பொருள்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எது மூலத்தைப் போல் ஒலிக்கிறது என்று மட்டும் கேட்டு நின்றுவிடுகின்றனர். மாற்றிய பின்னர் எது சிதையாது நிற்கிறது என்பதன்றோ கேட்க வேண்டியது!

சிதைவு இரண்டு இடங்களில் நேர்கிறது. ஒன்று இரைச்சல். குழலில் மோதும் மூச்சு, நரம்பில் உராயும் வில், பேச்சில் வரும் சகர ஒலி ஆகியவற்றுக்கு ஒழுங்கான அதிர்வு இல்லை; அவற்றைச் சைன் அலைகளாகப் பிரித்தால் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளே எஞ்சும். மற்றது ஒலியின் தொடக்கம். கணினி ஒலியைச் சிறு சிறு சாளரங்களாக வெட்டித்தான் அளக்கிறது. 44,100 என்ற பதிவில் 2,048 எண்கள் கொண்ட சாளரம் செக்கனின் ஆயிரத்தில் 46 பங்கு நீளமுடையது. அதனால் அறியப்படும் தொனிகளின் இடைவெளி ஏறத்தாழ 21 அதிர்வு. தாழ்ந்த சுரங்களில் அடுத்தடுத்த இரண்டிற்கு இடையே நான்கு அதிர்வே வேறுபாடு இருக்கக்கூடும். அவற்றைப் பிரிக்கச் சாளரத்தை நீட்டினால், மத்தளத்தில் விழும் அடியின் கூர்மை மழுங்கிப் பரவுகிறது. சாளரத்தைக் குறுக்கினால் அடி கூர்மையாகிறது, தொனிகள் கலங்கிவிடுகின்றன. இந்த இழுபறியிலிருந்து எந்த மென்பொருளும் முற்றாகத் தப்பியதில்லை.

ஸ்பியர் என்ற மென்பொருள் இவ்வுண்மையை மறைக்காது காட்டுகிறது. மைக்கல் கிளிங்பெயில் ஆக்கி இலவசமாக வழங்கிய அதனில் ஒவ்வொரு தொனியும் திரையில் ஒரு கோடாக ஓடும். வேண்டாத கோட்டை அழிக்கலாம், உயர்த்தலாம், நீட்டலாம். 1986 இல் மக்கோலி, குவாட்டியேரி என்ற இரு பொறியியலாளர் பேச்சொலிக்கு வகுத்த முறையே இதன் அடிப்படை. இசையைக் கண்ணாற் பார்த்துக் கற்க விரும்புவோருக்கு இதனினும் சிறந்த ஆசான் அரிது. ஆனால் அது எல்லாவற்றையும் சைன் அலையாகவே கொள்வதால், மூச்சுக் கலந்த குழலொலியை நான்கு மடங்கு நீட்டினால் மூச்சு நீர்க்குமிழி போல் கொப்பளிக்கத் தொடங்கும்.

அக்குறையைத் தீர்க்கும் வழியை 1989 இல் சேவியர் செர்ரா ஸ்டான்ஃபோர்டில் எழுதிய ஆய்வேடு காட்டிற்று. எண்ணத்தக்க தொனிகளை முதலிற் பிரித்தெடுத்து, மூலத்திலிருந்து கழித்து, எஞ்சியதை வடித்த இரைச்சலாகத் தனியே வைத்துக்கொள்வது அவர் முறை. கெலி ஃபிட்ஸ், லிப்போல்ட் ஹாக்கன் இருவரின் லோரிஸ் வேறொரு வழியிற் செல்கிறது. இரைச்சலைத் தனியே ஒதுக்காமல் ஒவ்வொரு தொனியும் தனக்குரிய இரைச்சலைத் தன்னோடே சுமக்குமாறு செய்கிறது. தொனிகளின் நேரத்தையும் திருத்திக் கூர்மையாக்குகிறது. ஓர் ஒலியை மற்றோர் ஒலியாக உருமாற்றும்போது மூச்சு தொனியை விட்டுப் பிரிந்து தனியே மிதக்காதிருப்பது இதனாலேயே. எனினும் நிரல் எழுதத் தெரிந்தவருக்கே அது பணியும். விசைப்பலகை முன் அமரும் இசைஞருக்கு அன்று.

விசைப்பலகைக்கு உரியவை மூன்றைக் கூறலாம். பெல்ஜியத்தின் இமேஜ் லைன் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட ஹார்மர், ஒரு குரலுக்கு 516 தொனிகள் வரை கையாள்கிறது. ஒலிப்பதிவை மட்டுமன்றிப் படத்தையும் ஏற்று அதனை ஒலியாக்கும். வடிகட்டி முதலியவை யாவும் அலையின் மீது செயற்படாமல் தொனிகளின் மீதே செயற்படுவதால், வேறெங்கும் இயலாத வடிவங்கள் அதிற் கைகூடுகின்றன. 2009 இல் வந்த அல்கெமியின் அறிவு வேறு வகை. சுருதியுள்ள பகுதியைத் தொனிகளாகவும், இரைச்சற் பகுதியை நிறமாலையாகவும் பிரித்து இரண்டையும் சேர்த்தே ஒலிக்கச் செய்யலாம். நான்கு மூலங்களுக்கிடையே உருமாற்றவும் இயலும். அதனை ஆக்கிய கமெல் ஓடியோ நிறுவனத்தை 2015 இல் அப்பிள் நிறுவனம் வாங்கித் தன் லொஜிக் மென்பொருளுள் அடக்கியது. அதனால் பிற கணினிகளை வைத்திருந்தோர் நல்லதொரு கருவியை இழந்தனர். மூன்றாவதாகிய ரேசர், பெர்லின் இசைஞர் எரிக் வீகண்ட் வடிவமைத்து 2011 இல் நேட்டிவ் இன்ஸ்ருமென்ற்ஸ் வெளியிட்டது. 320 தொனிகளைக் கொண்ட அது எந்தப் பதிவையும் பகுப்பதில்லை. தொகுத்தல் மட்டுமே செய்யும். இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். ஆனால் பகுத்தலின் பிழைகள் அதனுள் நுழைய வழியில்லாமையால் அதன் ஒலியிற் காணும் தெளிவு மற்றைய இரண்டிலும் இல்லை.

முழு எண் மடங்கான மேற்றொனிகளையே எதிர்பார்க்கும் முறை குழலுக்கும் நரம்புக்கும் பொருந்தும். சாதாரணப் பறைகளின் மேற்றொனிகள் அவ்வாறு அமைவதில்லை. மிருதங்கம் இதற்கு விலக்கு. அதன் வலந்தலையின் நடுவே இடப்படும் கருநிறக் கரணை, தோலின் மேற்றொனிகளை ஏறத்தாழ முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை 1920 இல் சேர் சி. வி. இராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து எடுத்துக்காட்டினார். நம் வாத்தியக் கைவினைஞர் செவியாற் கண்டதைப் பௌதிகம் பின்னர் எண்ணாற் கண்டது.

மணியோ அந்த ஒழுங்குக்கு அடங்காதது. அதன் தொனிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜொனதன் ஹார்வி 1980 இல் பாரிசின் இர்க்காம் நிலையத்தில் அதனையே செய்தார். வின்செஸ்டர் பேராலயத்தின் மிகப் பெரிய மணியைப் பதிவு செய்து, கணினியாற் பகுத்து, அதன் தொனிகளுள் எட்டைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்கு ஆதாரமாக்கி எட்டுப் பகுதி கொண்ட ஓர் ஆக்கத்தை அமைத்தார். அப்பேராலயத்திற் பாடிய அவருடைய மகனின் குரலும் மணியோடு சேர்க்கப்பட்டது. தொகுக்கும்போது மணியின் தொனிகள் இருந்த இடத்திற் சிறுவனின் குரல் எழும். குரல் நின்ற இடத்தில் மணி எழும். உண்மை மணியில் உயர்ந்த தொனிகள் முன்னர் மடிய, தாழ்ந்தவை நெடுநேரம் ஒலித்து அடங்கும். ஹார்வி அதனைத் தலைகீழாக்கித் தாழ்ந்தவற்றை முதலில் மடியச் செய்து, உயர்ந்தவற்றை வானில் நிற்க விட்டார். அவ்வாறு ஒலிக்கும் வெண்கலத்தை எந்தக் கன்னாரும் வார்க்க இயலாது. அன்று அதற்கு ஓர் ஆய்வு நிலையமும் அதன் கணினியும் தேவைப்பட்டன. இன்று ஸ்பியரின் திரையில் ஒரு மணியொலியை விரித்து, கீழே ஓடும் கோடுகளை மட்டும் பாதியிற் கத்தரித்து ஒலிக்கச் செய்தால், ஒரு மாலைப்பொழுதில் எவரும் அதனைத் தம் காதாற் கேட்கலாம்.