பேராமையின் பின்னால் ஓர் இரவு

இன்று உங்களைச் சாலையே போகாத ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறேன். கோஸ்டா ரிக்கா நாட்டின் கரீபியன் கடற்கரையில் இருக்கும் தோர்த்துகேரோ. ஸ்பானிய மொழியில் ‘தோர்த்துகா’ என்றால் ஆமை. பேருந்து லா பவோனா படகுத்துறையோடு நின்றுவிடும். அதற்கப்பால் காப்பி நிறத் தண்ணீரில், இரண்டு பக்கமும் காடு நெருக்க, ஒரு மணி நேரம் படகில் போக வேண்டும். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. அதன்மேல்தான் ஊர். ஊருக்கு வடக்கே கொஞ்சம் நடந்தால் கடலாமை ஆய்வு நிலையம். அங்கே இரண்டு வாரம் தொண்டராக இருந்தேன்.

நான் போனது ஆகஸ்ட் மாதம். மழை ஓயாது, காயப்போட்ட துணி காய்ந்ததே இல்லை. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் நாமேதான் பணம் கட்ட வேண்டும். உழைக்கவும் வேண்டும், காசும் கொடுக்கவேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். அது சரியான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. இரண்டு வாரம் வந்து போகிறவரால் ஆமைக்கு எவ்வளவு உதவியோ, அதே அளவு தொல்லையும் உண்டு. வந்தவரின் சோற்றுச் செலவாவது நிலையத்தின் தலையில் விழக்கூடாது. சோறு என்றதும் நினைவு வருகிறது: அந்தக் கரையில் அரிசியையும் பீன்ஸையும் தேங்காய்ப் பாலில் சேர்த்து வேகவைக்கிறார்கள். முதல் கவளத்திலேயே ஊர் நினைப்பு வந்து தொண்டை அடைத்தது.

வேலை இரவில். எட்டு மணிக்கு ஒரு குழு, நள்ளிரவுக்கு மறு குழு. கறுப்பு உடை. கேமரா கூடாது. வெள்ளை வெளிச்சம் கூடவே கூடாது. தேவைப்பட்டால் மட்டும் சிவப்பு விளக்கு. மணலும் கறுப்பு. கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் அரை மணி நேரம் நடந்தபின், கண் தானாகப் பழகிவிடும். அப்போது அலையோரத்திலிருந்து டிராக்டர் ஏறி வந்ததுபோல ஒரு தடம் தெரியும். பேராமை. நம் மீனவர்கள் பேராமை என்று சொல்லும் அதே இனம்தான்.

குழி தோண்டும்போது கிட்டே போகக்கூடாது. அரண்டு கடலுக்குத் திரும்பிவிடும். பின்துடுப்பு ஒன்று மெல்ல உள்ளே இறங்கும், உள்ளங்கைபோலக் குவியும், ஒரு பிடி மணலை அள்ளி வெளியே வைக்கும். பிறகு அடுத்த துடுப்பு. குழியை அது பார்ப்பதே இல்லை, தொட்டே தோண்டுகிறது. முட்டையிடத் தொடங்கியதும் ஒருவர் குப்புறப் படுத்து, பின்னாலிருந்து எண்ண வேண்டும். டேபிள் டென்னிஸ் பந்து அளவு முட்டைகள், இரண்டும் மூன்றுமாக வழவழப்போடு விழும். ஒவ்வொன்றுக்கும் கையிலுள்ள எண்ணியின் பொத்தானை ஒரு தரம் அமுக்க வேண்டும்.

முதல் இரவில், கொட்டும் மழையில், எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. நூற்றுப்பத்து வாக்கில் வழக்கமாக இருக்கும் என்று அன்று காலைதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். “நூற்றுப்பத்து என்று எழுதிக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். குழுவை நடத்திய பெண்ணுக்கு என்னைவிடப் பாதி வயதுதான் இருக்கும். “வேண்டாம். எண்ணவில்லை என்று எழுதுங்கள்” என்றார். கோபமே இல்லாத குரல்.

அந்தப் பதிவேட்டின் வயது தெரிந்தபோதுதான் அவர் சொன்னது எனக்கு முழுதாக உறைத்தது. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950-களில் இந்தக் கரைக்கு வந்தார். அப்போது ஆளுக்கொரு மைல் என்று கரையைப் பங்குபோட்டு, ஏறி வரும் ஆமைகளை மல்லாக்கப் புரட்டி ஏற்றுமதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கார் ஆமைகளின் துடுப்பில் உலோக வில்லை மாட்டினார். வில்லையைத் திருப்பி அனுப்பும் மீனவருக்குச் சிறு பரிசும் வைத்தார். நிகராகுவா மீனவர்களிடமிருந்து வில்லைகள் வரவர, இந்த ஆமைகள் அங்குள்ள கடற்புல் மேயப் போகின்றன என்பது தெரிந்தது. 1959-இல் ஆமைகளைக் காக்க ஓர் அமைப்பு, 1975-இல் தேசியப் பூங்கா. கார் 1987-இல் இறந்துபோனார். வில்லை மாட்டுவது நிற்கவில்லை. அப்படிப்பட்ட ஏட்டில்தான் நான் ஊகத்தை எழுதப் பார்த்தேன்.

சென்னையில் பெசன்ட் நகர்க் கரையில் பங்குனி ஆமைக்காக நடந்தவள் நான். மாணவர்கள் 1988-இல் தொடங்கிய நடை அது. அங்கே விளக்கும் நாயும் அதிகம், முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறோம். தோர்த்துகேரோவில் முட்டை போட்ட இடத்திலேயே கிடக்கிறது. சுற்றியுள்ள செடிகளில் மூன்று நாடா கட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் கூட்டுக்கு உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டி, வெற்று ஓடுகளை எண்ணுவார்கள்.

நான்காம் இரவு நான் எண்ணியது 108. நாடா கட்டியதும் நானே.

ஊர் திரும்பி, அக்டோபர் கடைசியில், நிலையத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வெற்று ஓடுகள் 91, பொரியாத முட்டைகள் 15. இரண்டு குறைகிறது, நண்டு கொண்டுபோயிருக்கலாம் என்று எழுதியிருந்தார் அந்தப் பெண். கூட்டிலிருந்து கடல்வரை சின்னச் சின்னத் தடங்கள் இருந்தனவாம்.