புகை யாருடைய கணக்கில்?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)

திருப்பூரில் தைத்த பனியனை லண்டன் கடையில் ஒருவர் வாங்கி மாட்டிக்கொள்கிறார். நூல் ஓடியது நம் மில்லில். சாயப்பட்டறைக் கொதிகலன் எரிந்தது இங்கே. இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியை எரித்துப் பெறுவது. பனியன் கப்பலேறிப் போய்விட்டது. புகை மட்டும் நம் கணக்கில் நின்றுவிட்டது. இது நியாயமா?

1997ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் போட்ட ஒப்பந்தம், பணக்கார நாடுகள் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்றது. ஆனால் எந்த மண்ணில் புகை எழுகிறதோ, அந்த நாட்டின் கணக்கிலேயே அதை எழுதினார்கள். சரக்கை அனுபவிப்பவன் யார் என்று கேட்கவில்லை. ஆலையை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுச் சரக்கை மட்டும் இறக்குமதி செய்தால் கணக்குப் புத்தகம் சுத்தமாகும்; வானம் சுத்தமாகாது!

2004ஆம் ஆண்டின் கணக்கை ஆராய்ந்து 2010ல் விஞ்ஞானிகள் வெளியிட்டது என்ன? உலகின் கரியமில வாயுவில் 23 சதவீதம், நாடு விட்டு நாடு போகும் சரக்குகளுக்காக எழுந்தது. பெரும்பகுதி சீனா முதலிய நாடுகளில் எழுந்தது. சரக்கு போனதோ பணக்கார நாடுகளுக்கு.

இப்போது ஐரோப்பிய யூனியன் எல்லையில் தராசு வைத்திருக்கிறது. இரும்பு, உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம் ஆகியவற்றில் அடங்கிய புகைக்கு 2023 அக்டோபரில் கணக்குக் கேட்டது. 2026 ஜனவரி முதல் இறங்கும் சரக்குக்கு விலையும் உண்டு. நிலக்கரி உலையில் ஒரு டன் உருக்குக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு எழுகிறது. “எங்கள் ஆலைகள் கொடுக்கும் விலையைத்தானே கேட்கிறோம்?” என்கிறார்கள். இருநூறு ஆண்டு நிலக்கரி எரித்துச் செழித்தவனுக்கும் நேற்று உலை மூட்டியவனுக்கும் ஒரே விலையாம்! வசூலாகும் பணமும் ஐரோப்பிய கஜானாவுக்கே.

பனியனும் நூலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நாம் வாளாவிருக்கலாகாது. வாங்குபவன் விலையைக் குறைப்பான். முதலாளி “ஐரோப்பா வரி போட்டுவிட்டது” என்று கூலியிலும் பஞ்சப்படியிலும் கைவைப்பான்.

அதற்காக நம் முதலாளிகளின் புகைபோக்கிக்கு நாம் காவல் நிற்க முடியுமா? முடியாது. புகை குறையத்தான் வேண்டும். மில்லின் அனலில் நிற்பவரும், கொதிக்கும் வெயிலில் நாற்று நடுபவரும் நாம்தான். மழை பொய்த்தால் முதலில் வேலை இழப்பவரும் நாம்தான்.

ஆகவே நாம் கேட்பது:

1. புகைக் கணக்கில் சரக்கை அனுபவிப்பவனின் பங்கையும் எழுது!

2. எல்லையில் வசூலிக்கும் பணத்தை ஏழை நாடுகளின் ஆலைகளைத் திருத்தத் திருப்பிக் கொடு!

3. புதிய இயந்திரம் வரட்டும். ஆட்குறைப்பு, கூலி வெட்டு கூடாது!

தோழர்களே! பனியனுக்கு விலை உண்டு, புகைக்கும் விலை வந்துவிட்டது. உழைப்புக்கு உரிய விலையை நாம் ஒன்றுபட்டுத்தான் வாங்க வேண்டும். மில் வாசலிலும் வயல் வரப்பிலும் இதைப் பேசுங்கள். சங்கத்தில் திரளுங்கள்!