வாடகைக்கு ஒரு குப்பைத்தொட்டி

குப்பையைப் பற்றிப் பேசுவதற்கு வானொலியா என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். ஒருவன் எதை வாங்குகிறான் என்பதைப் பார்த்து அவனுடைய வசதியை அறியலாம். எதை எங்கே எறிகிறான் என்பதைப் பார்த்தால்தான் அவனுடைய பொறுப்பை அறிய இயலும். ஆகையால் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு அற்பமானதன்று.

அமெரிக்க நாட்டில் வீட்டை இடித்துத் திருத்துவோரும், கூரை மாற்றுவோரும், முன்னோர் காலத்துத் தட்டுமுட்டுச் சாமான்களை ஒழிப்போரும் பெரியதோர் இரும்புத் தொட்டியை வாடகைக்கு அமர்த்துகிறார்கள். 'டம்ப்ஸ்டர்' என்பது அதன் பெயர். அப்பெயர் பிறந்த கதை சுவையானது. டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் டெம்ப்ஸ்டர் சகோதரர்கள் என்போர் இருந்தனர். லாரியே தூக்கிக் கவிழ்க்கக்கூடிய இரும்புப் பெட்டியை 1930களில் அவர்கள் செய்து விற்றார்கள். தங்கள் குடும்பப் பெயரோடு, கொட்டுதல் என்னும் பொருளுடைய 'டம்ப்' என்ற ஆங்கிலச் சொல்லை இணைத்து அதற்குப் பெயர் சூட்டினார்கள். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் 1952 முதல் 1955 வரை அந்நகரின் மேயராகவும் விளங்கினார். மேயர்களின் பெயர் சிலையில் நிலைப்பதுண்டு; இவருடைய பெயர் குப்பைத்தொட்டியில் நிலைத்தது!

வாடகைத் தொட்டி பொதுவாக 10, 20, 30, 40 கன கஜம் என்னும் அளவுகளில் கிடைக்கிறது. லாரி அதை வாசலில் இறக்கிவிட்டுப் போகும். குறித்த நாளில் வந்து எடுத்துச் செல்லும். வாடகை கொடுத்தாயிற்று, இனி எதையும் போடலாம் என்று நினைப்பது இயல்புதான். அங்கேதான் ஒப்பந்தத் தாள் குறுக்கே நிற்கிறது. அத்தகைய தாளொன்றை நான் படித்தபோது, சென்னை நகரத்து வீட்டுக்காரர்களின் நிபந்தனைகள்கூட எனக்கு இளகியவையாகத் தோன்றின.

மரத்துண்டு, உடைந்த மேசை நாற்காலி, பழைய தரைவிரிப்பு, சுவர்ப்பலகை, துணிமணி ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஆனால் தொட்டியின் விளிம்புக்கு மேல் குவித்தலாகாது. தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். செங்கல், மண், கான்கிரீட் ஆகியவற்றைத் தனியே, சிறிய தொட்டியில்தான் போட வேண்டும். காரணம் எளிய கணக்கு. ஒரு கன கஜக் கான்கிரீட் ஏறக்குறைய 4,000 பவுண்டு கனமுடையது. 20 கன கஜத் தொட்டியை அதனால் நிரப்பினால் 80,000 பவுண்டாகும். மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் லாரியும் சரக்கும் சேர்ந்தே பொதுவாக அவ்வளவுதான் இருக்கலாம்!

இனி, போடக்கூடாதவற்றைப் பார்ப்போம். எண்ணெய் வர்ணம், பெட்ரோல், பூச்சிமருந்து ஆகியவை முதலில் வருகின்றன. குப்பையைப் புதைக்கும் பள்ளத்தின் அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் இட்டிருப்பார்கள். எனினும், மழைநீர் குப்பையினூடே இறங்கும்போது நஞ்சைக் கரைத்துக்கொண்டே இறங்குகிறது. விரிப்பில் ஓர் ஓட்டை விழுந்தால் அந்நீர் நிலத்தடி நீரில் கலக்கும். பழைய குளிர்சாதனப் பெட்டியை அப்படியே போடலாகாது. அதனுள் இருக்கும் வாயு வானத்து ஓசோன் படலத்தைக் கெடுக்கக்கூடும். 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது அதன் பொருட்டே. எரிவாயு உருளையும் பாட்டரியும் லாரியில் நசுங்கினால் தீப்பற்றும். கல்நார்த் தூளோ, அள்ளுகிற தொழிலாளியின் நுரையீரலில் புகுந்து பல்லாண்டுகள் கழித்து உயிரை வாங்கும்.

டயரையும் சேர்ப்பதில்லை. வெறும் ரப்பர்தானே என்று கேட்கலாம். அதன் உட்குடைவில் வாயு தங்கிவிடும். மேலே எத்தனை மண்ணைக் கொட்டினாலும் டயர் நாளடைவில் மெல்ல மேலேறி வந்து, மூடிய மண்ணைக் குலைத்துவிடும்.

புதைத்தது மேலே வருவது டயரோடு நிற்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஃபால்ஸ் என்னும் நகரில் 'லவ் கனால்' என்றொரு அரைகுறைக் கால்வாய் இருந்தது. 1942 முதல் ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் அதில் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்தார்கள். 1953இல் அந்நிலம் ஒரே டாலருக்குப் பள்ளி நிர்வாகத்தின் கைக்கு மாறியது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. பின்னர் வீடுகளின் நிலவறைகளில் நச்சு நீர் கசிந்தது. 1978இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் நெருக்கடி நிலையை அறிவித்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. நச்சு நிலங்களைத் துப்புரவு செய்ய 1980இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அந்த ஒப்பந்தத் தாளின் கண்டிப்பு எனக்கு விளங்கியது இவ்வரலாற்றை அறிந்த பின்னரே. விலக்கப்பட்ட பொருள்களுக்கு வேறு வழியும் உண்டு. பழைய பாட்டரியைக் கடைக்காரரே திரும்பப் பெற்றுக்கொள்கிறார். வீட்டு நச்சுப் பொருள்களை வாங்கிக்கொள்ளப் பல ஊர்களில் தனி நாள் குறிக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியின் வாயுவைத் தேர்ந்த தொழிலாளி வந்து எடுத்துவிடுகிறார். சிறிது அலைச்சல்தான், மறுப்பதற்கில்லை.

ஆயினும் தொட்டியை நிரப்பும் கை ஒன்று, அதைக் கிளறும் கை மற்றொன்று. வர்ண டப்பாவைக் குப்பைக்கு அடியில் ஒளித்து வைப்பவர் வாடகைக்காரரை ஏமாற்றியதாக நினைக்கலாம். முகமறியாத ஒரு தொழிலாளியின் கையிலும், இனிப் பிறக்கவிருக்கும் ஒரு குழந்தையின் குடிநீரிலும் அவர் அதைச் சேர்த்துவிடுகிறார். இதை நினைவிற்கொண்டால், எதைப் போடலாம், எதைப் போடலாகாது என்னும் பட்டியலை யாரும் நமக்குப் படித்துக்காட்ட வேண்டியதில்லை.